எட்டு அப்பாயின்ட்மென்ட்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணா அண்ணா அண்ணா, கிடைச்சுட்டாங்க, உனக்கு டாக்டர் கிடைச்சுட்டாங்க, ஃபைனல் மேட்ச் டிக்கெட் கிடைச்சப்பகூட நான் இப்படிக் குதிக்கல!

சரி, மூச்சு விட்டுக்கறேன். முறைப்படி ஆரம்பிக்கறேன். அன்புள்ள அண்ணாவுக்கு வாலு எழுதறது. இங்க நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். இந்த வரிய எப்பவும் சும்மா ஒப்புக்குத்தான் போடுவேன். இந்தத் தடவை நெஜமாவே ஆவல்.

"போன்ல பேசினா நான் நடிச்சுடறேன், எழுதினாத்தான் உண்மை வருது"ன்னு போன மாசம் மெயில் போட்டியே, அதுலேர்ந்து நான் ஒரு வேலையும் உருப்படியா பார்க்கல. நம்ம கோல்கீப்பர் ஃபேன் பேஜுல நாலு நாளா ஒரு போஸ்ட்கூட இல்ல. கூட்டம் கத்துது. கத்தட்டும்.

முதல்ல யாரத் தேடணும்னே எனக்குத் தெரியல. நானா உக்காந்து படிச்சுப் படிச்சுத்தான் புரிஞ்சுது. கவுன்சலர்னா பேசுவாங்க. சைக்கியாட்ரிஸ்ட்னா முழுசா டாக்டருக்குப் படிச்சுட்டு அதுக்கு மேல மனசுக்குன்னு தனியா படிச்சவங்க. பேசவும் பேசுவாங்க, தேவைன்னா மருந்தும் எழுதுவாங்க. நீ தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கலன்னு சொன்னதால முதல்ல டாக்டரையே பார்ப்போம்னு முடிவு பண்ணேன்.

அப்புறம் போன் போட ஆரம்பிச்சேன். ஒரு நம்பர் டைல்ஸ் கடைக்குப் போச்சு. "டாக்டர் இல்லம்மா, பாத்ரூமுக்கு வேணும்னா நல்ல டைல்ஸ் இருக்கு"ன்னார் அந்தாளு. இன்னொருத்தர் குழந்தைங்கள மட்டும்தான் பார்ப்பாராம். இன்னொருத்தர் ரிடையர் ஆயிட்டார். அவர் வீட்டம்மா எடுத்து, "அவரே இப்ப யார்கிட்டயும் பேசறதில்லம்மா"ன்னாங்க.

கடைசியில உன் ஊர்லயே ஒரு லேடி டாக்டர். கண்ணாடிக்கடை இருக்கற கட்டடத்துல நாலாவது மாடி. அஞ்சு ஸ்டார் விமர்சனத்த நான் நம்பல. ஃபேன் பேஜ் நடத்தறவளுக்கு ஸ்டார் எப்படி வருதுன்னு தெரியாதா? ஒருத்தர் மூணு ஸ்டார் போட்டு, "அதிகம் பேச மாட்டாங்க, ஆனா போன தடவை நாம சொன்னது அவங்களுக்கு ஞாபகம் இருக்கு"ன்னு குறையா எழுதியிருந்தார். அதுதான் எனக்குப் பிடிச்சுது.

போன் எடுத்த ரிசப்ஷன் அம்மாவுக்குக் கணக்கு டீச்சர் குரல். உன் பேரக் கேக்கறதுக்கு முன்னாடி, "அவர் தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்குவாருன்னு பயம் இருக்கா? இருந்தா காத்திருக்க வேணாம், இன்னைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. கேட்டுச் சொல்றேன்னேன். இப்பக் கேக்கறேன். நேரா பதில் சொல்லு, சுத்தி வளைக்காத.

புதுசா வர்றவங்களுக்குத் திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு அவங்க வெப்சைட்டு திறக்குமாம். கொஞ்ச இடம்தானாம், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள தீந்துடுமாம். இத எங்கிட்டப் போய்ச் சொல்றாங்க பாரு! வாலுகிட்ட!

இன்னொண்ணு. பயப்படாத. நம்ம சுவரு, அதான் நம்ம கீப்பர், மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி இடது கம்பத்தத் தொட்டு, வலது கம்பத்தத் தொட்டு, குதிச்சு மேல் கம்பத்தத் தொடுவார். தொடாம ஒரு மேட்ச்கூட ஆடினதில்ல. எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கு அண்ணா.

சரின்னு மட்டும் சொல்லு.

உன் வாலு

*

மார்ச் 5, வியாழன்

அன்புள்ள வாலுவுக்கு,

நீ பேசுவது போலவே எழுதுகிறாய். எனக்கு எழுத உட்கார்ந்தாலே பள்ளிக்கூடத்து வாத்தியார் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். அதனால் என் எழுத்து இப்படித்தான் விறைப்பாக வரும். சிரிக்காதே.

முதலில் அந்தக் கேள்வி. இல்லை. அப்படி ஒரு எண்ணம் இல்லை. சுற்றி வளைக்கவில்லை. எனக்கு வாழத்தான் ஆசை, தலைதான் விட மாட்டேன் என்கிறது. அது மாறினால் அந்த அம்மா சொன்னபடி நானே போய் வாசலில் நிற்பேன்.

உன் கீப்பரைப் பற்றி யோசித்தேன். அவர் கம்பத்தைத் தொட்டுவிட்டு ஆட ஆரம்பித்துவிடுகிறார். நான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதே இல்லை.

போன மெயிலில் சுருக்கமாகச் சொன்னேன். இப்போது முழுவதும் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் லிஃப்டைப் பழுதுபார்த்து முடித்தால், ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டின் வெளிக்கதவு பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டாத கதவை யாராவது திறந்தால் உள்ளே பெட்டி இருக்காது, கிணறு போலக் குழிதான் இருக்கும். எல்லா மெக்கானிக்கும் ஒரு முறை இழுத்துப் பார்ப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு இரண்டு முறை ஆனது. பிறகு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்று நீ சொன்னாய். எடுத்தேன். போட்டோ எடுத்த பிறகு கதவு திறந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று தலை கேட்கிறது.

ஒரு குழந்தை பந்தை எடுக்க ஓடி வந்து அந்தக் கதவில் சாய்வதாக ஒரு படம் வரும். பஸ்ஸில் வரும், குளிக்கும்போது வரும். குழந்தைக்கு முகம் கிடையாது, சட்டை மட்டும் மஞ்சள். இதுவரை யாரும் விழவில்லை. யாரும் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போகிறேன். ஒரு அடுக்குமாடி வாட்ச்மேன், "என்ன தம்பி, இந்த லிஃப்டுக்கும் உனக்கும் லவ்வா?" என்று கேட்டார். சிரித்தேன். நன்றாகச் சிரிக்க வருகிறது எனக்கு.

நாளுக்கு நான்கு கட்டடம் பார்த்தவன் இப்போது இரண்டுதான் முடிக்கிறேன். சூப்பர்வைசர் இன்னும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது? லிஃப்ட் மெக்கானிக்குக் கதவைப் பார்த்துப் பயம் என்றால் எவன் வேலை கொடுப்பான்?

அதனால் சரி. போகிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அம்மாவுக்கும் உன் கூட்டத்துக்கும் இது தெரியக் கூடாது. நான் உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, எந்த நாளையும் எடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். நல்லது செய்வதாக இருந்தாலும் கேள்.

வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 9, திங்கள்

அண்ணா, கோல்! கோல் கோல் கோல்!

வர்ற வியாழன் இல்ல, அதுக்கடுத்த வியாழன், பத்தொன்பதாம் தேதி, காலையில பத்து மணி. உன் பேருல. உறுதி.

எப்படின்னு கேளு. கேக்கலன்னாலும் சொல்லுவேன். முந்தாநாளே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆளு, ஒரே போனு, இந்த நெட்டு. நடுவுல ஒரு சுத்து சுத்தினா போச்சு, இன்னொரு வாரம் நீ அந்தக் கதவுங்களோட மல்லுக்கட்டணும். என்னால தாங்க முடியாதுண்ணா. அதனால மேட்ச் டிக்கெட்டுக்கு என்ன பண்ணுவோமோ அதையே பண்ணேன். எங்க ஃபேன் கூட்டம், அதான் 'வலைக்குப் பின்னாடி' கூட்டம், அதக் கூப்பிட்டேன்.

பதறாத! என்ன விஷயம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. "எங்க அண்ணனுக்குக் கண்ணு டாக்டர், அவசரம்"னேன். கீழ கண்ணாடிக்கடைதானே, பாதிப் பொய்கூட இல்ல. உன் பேரு, வயசு, உன் போன் நம்பர், லிங்க், அவ்வளவுதான் குடுத்தேன். எட்டரைக்கே எல்லாரும் ரெடி. எங்க கூட்டத்துக் கேப்டன் தெரியுமில்ல, ஸ்டேடியத்துல மைக் இல்லாமலே கத்துவாரே, அந்த மனுஷன் ஆபீஸ் மீட்டிங்குல மேசைக்கு அடியில போன வச்சுட்டு உக்காந்திருந்தாராம். ஒன்பது அடிச்சுது. எல்லாரும் பாய்ஞ்சோம்.

எனக்குக் கிடைக்கலண்ணா. என் போனு சுத்திட்டே நின்னுடுச்சு. ஆனா கூட்டத்துல எட்டுப் பேருக்குக் கிடைச்சுது! எட்டு! இருக்கறதுலயே நல்ல நேரமா பார்த்து பத்தொன்பது எடுத்துக்கிட்டு மத்தத கேன்சல் பண்ணிடலாம்.

நீ முன்னாடியே கேக்கச் சொன்னே. தெரியும். ஆனா ஒன்பது மணிக்கு எங்க கேக்கறது? கேட்டுட்டு வர்றதுக்குள்ள தீந்துடும். லீவு மட்டும் போட்டுடு. மத்ததெல்லாம் வாலு பார்த்துக்குவா.

ஜெயிச்ச வாலு

*

மார்ச் 10, செவ்வாய்

வாலு,

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் நான்கு பேர் கம்பெனி வேனில் போய்க்கொண்டிருந்தோம். புதுக் கட்டடம், வழி தெரியாது. என் போனில் மேப் போட்டு, டிரைவர் அண்ணன் முன்னால் ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார்.

முதல் மெசேஜ் வந்தது. வழி சொல்கிறது என்று நினைத்து அவர் சத்தமாகப் படித்தார். என் பேர், பிறகு மனநல மருத்துவமனை என்று பேர், பிறகு உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது. பாதியில் நிறுத்திவிட்டார். நல்ல மனுஷன், ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஆனால் போன் நிறுத்தவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. பின்சீட்டில் இருந்த ஒருவன் எண்ண ஆரம்பித்தான். எட்டாவது வந்தபோது, "ஒரு ஆளுக்கு எட்டு டாக்டரா? மந்திரிக்குக்கூட இல்லடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதியத்துக்குள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். எட்டு. "எட்டு, அந்த ஸ்பேனரக் குடு." சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடு என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இரவெல்லாம் அந்தப் புதுக் கட்டடத்தின் கதவுகள். நேற்று நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அந்த நிலைமையில் எதைப் பார்த்தேன் என்றே தெரியவில்லை. இன்று சாவி கூட என் கையில் இல்லை, திரும்பிப் போகவும் முடியாது.

நான் ஒருத்தியிடம் சொன்னேன். நீ கூட்டம் சேர்த்துவிட்டாய்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

*

மார்ச் 12, வியாழன்

அண்ணாவுக்கு,

எழுதாதன்னு சொன்னே. ஆனா இத நீ தெரிஞ்சுக்காம பத்தொன்பதாம் தேதி அங்க போய் நின்னுடக் கூடாது. அதுக்காகத்தான்.

எல்லாமே கேன்சல் ஆயிடுச்சு. ஒரே நம்பர்ல எட்டுப் பதிவு வந்ததும் ஏதோ பொய்க் கணக்குன்னு வெப்சைட்டே எல்லாத்தையும் தூக்கிடுச்சு. உன் நம்பருக்கு ஒரு மாசம் ஆன்லைன்ல பதிவே பண்ண முடியாதாம். ரிசப்ஷன் அம்மா எனக்குப் போன் பண்ணாங்க, முதல்ல விசாரிச்சப்ப என் நம்பரத்தான் குடுத்திருந்தேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. "இந்த வாரம் புது ஆளுங்களுக்கு இருந்ததே பன்னெண்டு இடம்மா. எட்ட நீங்க பிடிச்சு வச்சுட்டீங்க. அன்னைக்கு முழுக்க எனக்கு போன் வந்துட்டே இருந்துச்சு, இடம் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு"ன்னாங்க.

அப்பத்தான் உறைச்சுது. மேட்ச்ல ஒரு டிக்கெட்ட நான் பிடுங்கினா ஒருத்தன் வீட்டுல உக்காந்து டிவியில பார்ப்பான். இது அது இல்லையே. என்ன மாதிரியே எவளோ ஒருத்தி அந்தத் திங்கட்கிழமை தன் அண்ணனுக்காக போன்ல விரல வச்சுட்டு உக்காந்திருப்பா.

கூட்டத்துல எல்லாரையும் உன் பேரையும் நம்பரையும் அழிக்கச் சொல்லிட்டேன். கண்ணு டாக்டர்னு சொன்னது பொய்னும் சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. லிங்கப் பார்த்த எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. யாருக்கும் தெரியலன்னு நான் மட்டும்தான் நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

மன்னிச்சுடுன்னு எழுதி எழுதி அழிக்கறேன். அந்த வார்த்தை போதாது.

வாலு

*

மார்ச் 22, ஞாயிறு

அண்ணாவுக்கு,

நீ பதில் போடல. போட வேணாம். நான் சொல்லிட்டுப் போயிடறேன்.

நேத்து உன் ஊருக்கு வந்தேன். அம்மாகிட்ட மேட்ச்னு சொன்னேன். அம்மா செருப்புப் போட்டுட்டிருந்த என்னப் பார்த்து, "மேட்சுக்கா? தொண்டையில சத்தத்தையே காணோமேடி"ன்னாங்க. அப்புறம் அவங்களே, "உங்கண்ணன் போன்ல சிரிக்கறான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. போற வழியில அவன் ஊரு வந்தா இறங்கிப் பாரு"ன்னாங்க. நான் சொல்லலண்ணா, சத்தியமா. பெத்தவங்க காதுக்கு நீ நடிக்க முடியாது போல.

உன் ரூமுக்கு வரல. அந்தக் கண்ணாடிக்கடைலேர்ந்து உன் தெரு தெரியுது. பார்த்துட்டு நின்னேன். கேட்டுட்டு வரணும்னு தோணுச்சு. கேக்கவும் வழியில்ல, எழுதாதன்னு சொல்லியிருக்கே. அதனால வரல.

நாலு மாடி ஏறினேன். லிஃப்ட் இருக்கு, ஆனா அதுல ஏறக் கால் வரல, ஏன்னு தெரியல. மேல ஒரு சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி கேன், ஒரு மீன்தொட்டி, அதுல மீன் இல்ல, செடி மட்டும். எல்லாரும் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் பேப்பர் படிச்சார், ஒரு பொண்ணு ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தா. பயமா ஒண்ணுமே இல்லண்ணா. பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரிதான் இருந்துச்சு.

ரிசப்ஷன் அம்மாவுக்கு நம்ம அம்மா வயசு இருக்கும், கண்ணாடியக் கயிறு கட்டி கழுத்துல போட்டிருந்தாங்க. "எட்டு அப்பாயின்ட்மென்ட் நான்தான்"னு சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாங்க. அன்னைக்கு இடம் கிடைக்காம போனவங்கள்ல யாராவது இங்க இருக்காங்களான்னு கேட்டேன், அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னேன். "அதெல்லாம் சொல்ல மாட்டோம். உங்கண்ணன் பேரையும் நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்"னாங்க. சுருக்குன்னு இருந்துச்சு.

அப்புறம் சொன்னாங்க. யாராவது வர முடியாம போனா அந்த இடம் காலி ஆகும், காலையில எட்டரைக்கு போன் பண்ணினா இருந்தா தருவாங்களாம். "ஆனா அவரே பண்ணணும். நீ பண்ணினா நான் வச்சுடுவேன்"னாங்க. அவருக்குப் போன்ல பேச வராதும்மா, நடிச்சுடுவார்னேன். "நடிக்கட்டும். எனக்கு இருபது வருஷமா நடிக்கறவங்க போன்தான் வருது"ன்னாங்க.

நம்பர் கீழ போட்டிருக்கேன். பண்ணுன்னு சொல்லல. வேற எங்கயாவது போகணும்னாலும் போ. போகலன்னாலும் உன் இஷ்டம், ஆனா போகணும்னு எனக்கு ஆசை. அதச் சொல்லலாமில்ல?

கூட்டத்துல ஒருத்தரும் எதுவும் பேசல. கேப்டன் மட்டும் தனியா ஒரு மெசேஜ் போட்டார். "அந்த லிங்க் இன்னும் இருக்காம்மா?"ன்னு மட்டும். அவ்வளவு கத்தற மனுஷன்.

வாலு

*

ஏப்ரல் 6, திங்கள்

அன்புள்ள வாலுவுக்கு,

கோபம் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் ரூமில்தான் இன்னும் இருக்கிறேன். இன்னும் எட்டுதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதுதான் என் பேர் என்று நினைத்து, "எட்டு சார்" என்று கூப்பிட்டார். அதற்கு மட்டும் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

ஸ்டோர் ரூமுக்கு வந்தால் கதவு இல்லை, நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இப்போது சாமான்களை எண்ணுகிறேன். ஒரு பெட்டியில் போல்ட் குறைவாகக் கொடுத்திருந்தால், அதைக் கொண்டுபோய் எவனோ எங்கோ மாட்டினால்? மஞ்சள் சட்டைக் குழந்தை இங்கேயும் வந்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, இது லிஃப்டில் இல்லை. எங்கே போனாலும் கூட வருகிறது.

அதனால் அந்த நம்பரை எடுத்தேன். சரியான நம்பர்தானா என்று உன் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். எட்டரை தாண்டிவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பார்க்காமலே அழுத்தினேன். டைல்ஸ் கடைக்குப் போனாலும் போகட்டும் என்று.

அந்த அம்மாதான் எடுத்தார்கள். நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். வணக்கம் மேடம், நல்லா இருக்கேன், சும்மா ஒரு விவரம் கேக்கலாம்னு என்றேன். குரல் அவ்வளவு நன்றாக வந்தது. இன்ஷூரன்ஸ் விற்கலாம் போல.

"நல்லா இருக்கீங்கன்னா சந்தோஷம். அப்புறம் எதுக்கு போன் பண்ணீங்க?" என்றார்கள்.

எனக்கு அதற்கு மேல் வசனம் இல்லை, வாலு. யாரும் அதற்கு அடுத்ததைக் கேட்டதே இல்லை. அவர்கள் வைக்கவில்லை. பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"லிஃப்ட் கதவப் பூட்டினேனான்னு தெரியலங்க" என்றேன்.

"எந்த லிஃப்ட்?"

"எல்லா லிஃப்டும்."

"வர்ற வியாழன் பதினோரு மணி ஒண்ணு காலியாகுது. வர முடியுமா?"

அவ்வளவுதான். பைத்தியமா என்றும் கேட்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. பேரைச் சொன்னேன். எழுதும் சத்தம் கேட்டது. "ஓ" என்று மட்டும் சொன்னார்கள். நீ போய் நின்றது ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு நான், "எழுதிட்டீங்களா?" என்று கேட்டேன். எழுதிட்டேன் என்றார்கள். "பதினோரு மணிதானே?" என்றேன். ஆமாம் என்றார்கள். மூன்றாவதாக வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள், "தம்பி, நான் எழுதிட்டேன். இனிமே அது என் வேலை. நடுவுல போன் பண்ணி இருக்கா இருக்கான்னு கேக்கக் கூடாது, சரியா?" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பேசியது அது. சனி, ஞாயிறு போய்விட்டது, இன்றைக்கும் போன் பண்ணவில்லை. கை நமநமவென்று இருக்கிறது. அவர்கள் தேதியை மாற்றி எழுதியிருந்தால்? பேரைத் தப்பாக எழுதியிருந்தால்? தலை கேட்கிறது. பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது. ஒரு கதவை இழுத்துப் பார்க்காமல் விட்டு இவ்வளவு நாள் இருந்ததில்லை.

லீவு கேட்கும்போது சூப்பர்வைசரிடம் நானே சொன்னேன், டாக்டரிடம் போகிறேன் என்று. எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. போ என்று மட்டும் சொன்னார். வேலை திரும்பக் கிடைக்குமா, தெரியாது. டிரைவர் அண்ணன் மட்டும் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்று, "அந்த எட்டுல ஒண்ணாவது போனியா?" என்று கேட்டார். போகப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார்.

முதல் முறை வரும்போது துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமாம். ஒருவர். நான் யார் பேரையும் சொல்லவில்லை.

நாலு மாடி என்கிறாய். நான் படியில்தான் ஏறுவேன்.

அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். நீ எதுவும் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 7, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் மெயிலப் படிச்சுட்டு நான் குதிக்கல. உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தேன். அம்மா வந்து, "என்னடி, மேட்ச்ல தோத்துட்டாங்களா?"ன்னாங்க. இல்லம்மா, இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலன்னேன்.

கோபம் இருக்கட்டும். அது உன்னோடது. போகும்போது போகும்.

போஸ்ட் போட்டுப் போட்டு எனக்கு வேற மாதிரி எழுத வரல, அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரியே எழுதறேன். சிரிக்காத.

வலைக்குப் பின்னாடி கூட்டத்தோட அறிவிப்பு. வியாழக்கிழமை காலையில பத்தரை மணி. கண்ணாடிக்கடை வாசல். கொடி வேணாம், விசில் வேணாம், தொண்ட கிழியக் கத்த வேணாம். கூட்டத்துல இந்தத் தடவை ஒரே ஒருத்தி. அவ உன்கூட நாலு மாடியும் படியில ஏறுவா. நீ நடுவுல திரும்பிக் கீழ போய் எதையாவது பார்க்கணும்னா அவளும் கூட இறங்குவா, கூட ஏறுவா. உள்ள வர மாட்டா. மீன் இல்லாத மீன்தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா. என்ன பேசினேன்னு வெளிய வந்ததும் கேக்க மாட்டா.

ஆனா இதெல்லாம் நீ சரின்னு சொன்னாத்தான். முன்னாடி கேக்கச் சொன்னே, அப்ப நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்.

நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மெயில் பார்த்துட்டு இருப்பேன். வேணாம்னா வேணாம்னு எழுது, வீட்டுலயே இருந்துப்பேன், சண்டை போட மாட்டேன். வரலாம்னா ஒண்ணும் பெருசா எழுத வேணாம். "வா"ன்னு ஒரே ஒரு எழுத்து போடு.

போட்டது எனக்கு வந்துச்சான்னு மறுபடி பார்க்காத. வந்திருக்கும்.

பதில் போடு அண்ணா.

வாலு